நேர் வாரிசு

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஒரு மண்டையோடும் ஒரு தாடையெலும்பும் குடியிருந்தன. மண்டையோட்டின் அட்டையில் ‘மனிதனின் நேர் மூதாதை’ என்று எழுதியிருந்தது. தாடையின் அட்டையில் ‘வாரிசில்லாத பக்கக் கிளை’ என்றிருந்தது. அதனால் மண்டையோட்டுக்கு எப்போதும் தலைகால் புரியாது.

“தள்ளி உக்காருப்பா. எங்க வம்சம் வேற, உங்க வம்சம் வேற” என்று தாடையை ஓரங்கட்டியே வைத்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை ஆராய்ச்சியாளர் வந்தார். பழைய கணிப்பு தப்பு என்று முணுமுணுத்தபடியே அட்டைகள் இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

மண்டையோடு சட்டென்று குரலை இறக்கிக்கொண்டது. “தம்பி, என்ன இருந்தாலும் நாம ஒரே குகையில கிடந்தவங்க…”

“யாருக்கு யாருய்யா தம்பி? தள்ளி உக்காரும்!” என்றது தாடை.

மண்டையோடு அவமானத்தில் குறுகிக் கிடந்தபோது, மனைவியோடு ஒருவர் வந்து நின்றார். இரண்டு அட்டைகளையும் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இதெல்லாம் மத்தவங்களுக்கு மூதாதையா இருக்கலாம். நம்ம வம்சமே வேற. வா, போகலாம்.”

மண்டையோட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அட்டை கிடக்கட்டும், பேச்சைக் கேட்டியா?” என்று தாடையிடம் கத்தியது. “சந்தேகமே இல்ல, அவன் என் பேரன்தான்!”