லின்ஹேயில் மழை

வோபர்ன் தமிழ் உணவகத்தின் சமையலறைச் சன்னலில் காலை வெளிச்சம் இப்போதுதான் ஏறுகிறது. தவமலர் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். எதிரே, ஐந்து வருடமாக உடன் வேலை செய்யும் சீனப் பெண்மணி மெய்லிங், மாவு வாளியில் சாய்த்துவைத்த கைப்பேசியில் தம் தந்தையைப் பார்த்தபடியே உரிக்கிறார். அங்கே சீனாவில் மாலை. மஞ்சள் ஆற்று வண்டல் படிந்த அவர்கள் ஊரான லின்ஹேயில் முன்பு கோதுமைதான் விளைந்ததாம். குளிர்பதனக் கிடங்குகள் வந்த பிறகு ஊரே பூண்டுக்கு மாறிவிட்டது. இந்த ஆண்டு கிடங்குகளில் இடமில்லை. முதியவரின் அறுவடை முழுவதும் தெருவோரம் குவிந்து கிடக்கிறது. நனைந்தால் அழுகிவிடும். திடீரென்று திரையில் மழை. அவர் தனியாளாகத் தார்ப்பாயை இழுக்கிறார். ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் காற்றில் எழும்புகிறது.

"பிள்ளையள், உள்ளி உரிக்கிறியளோ, படம் பாக்கிறியளோ?" என்று அடுப்படியிலிருந்து முதலாளி சிவநேசன் கேட்கிறார்.

"உரிக்கிறம் அண்ணை," என்கிறார் மெய்லிங், இங்கேயே பழகிய தமிழில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த மூலையைப் பிடிக்கச் சொல்லும்!" தவமலரின் கை தன்னையறியாமல் திரையை நோக்கி நீள்கிறது.

"ஆர் பிடிக்கிறது, அக்கா? அப்பா தனிய."

தார்ப்பாய் பறந்துபோகிறது. முதியவர் ஒரு கணம் அதைப் பார்த்து நிற்கிறார். பிறகு குவியலின் மேல் ஏறி, கைகளை விரித்து, தம் உடம்பு மூடக்கூடிய அளவுக்குக் குப்புறப் படுத்துக்கொள்கிறார்.