ஒரு பேணிப் பெயின்ற்

பேணியின் அடியில் கிடந்த பெயின்றையும் வழித்துச் சுவரில் இழுத்துவிட்டு, சிவரூபி பின்னால் போய் நின்று பார்த்தாள். மஞ்சள் நன்றாகத்தான் பிடித்திருந்தது.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற் அது. அக்கராயன் ஊருக்குள் யார் பார்த்தாலும் கோயில் மதிலின் நிறம் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பாரிஸில் இருக்கிற செந்தூரனுக்குத் தெரியப்போவதில்லை.

செந்தூரன்தான் மாப்பிள்ளை. இன்று பின்னேரம், ராகுகாலம் தொடங்குவதற்கு முன், போனில் பெண் பார்க்கிறான்.

சொந்த வீடு, நல்ல வசதி என்று தரகர் அவனைப் பற்றி அளந்திருந்தார். போகிற போக்கில், "வீட்டு ஹோலைக் கொஞ்சம் வடிவாக்குங்கோ" என்று சிவரூபியின் தாய் ஜெகதீஸ்வரியிடம் ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போனார். தாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் மனுசன் சொன்னதில் பிழை இல்லை.

இதற்கு முன் இரண்டு பேர் போனில் பார்த்தார்கள். இருவரும் சிவரூபியைப் பார்த்ததைவிட அவளுக்குப் பின்னால் இருந்ததைத்தான் அதிகம் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அதில் ஒருவருக்கு இப்போது பிள்ளையும் பிறந்துவிட்டது. மற்றவர் இன்னும் யோசிக்கிறார் போலும்.

அவர்கள் போனது சிவரூபிக்குப் பெரிய கவலை இல்லை. இவன் போய்விடுவானோ என்றுதான் பயமாக இருந்தது. குரலில் மட்டும் பேசிய நாட்களில், நெல் கதிர் தள்ளிவிட்டதா என்று கேட்டவன் இவன் ஒருவன்தான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதைத் தாயிடம்கூடச் சொல்லவில்லை.

பெயின்ற் காய்ந்ததும் மற்ற வேலைகளைப் பார்த்தாள்.

தாயின் பச்சைச் சேலை திரையாகியது. சோடாப் பெட்டியைக் கவிழ்த்து, மேலே துணி விரித்து, சந்தையில் வாங்கிய பிளாஸ்ரிக் பூவை வைத்தாள். இரண்டு மரக் கதிரைகளை ஒட்டிப் போட்டுப் படுக்கை விரிப்பால் மூடியதும் சோபா செற்றி மாதிரி வந்துவிட்டது. நடுவில் இருந்தால் இரண்டாகப் பிரிந்துவிடும் என்பது மட்டும்தான் குறை.

ஒவ்வொன்றையும் வைத்த கையோடு, ஸ்ரூலில் நிறுத்தியிருந்த போனிடம் ஓடிப் போய்ப் பார்த்தாள்.

"வீட்டைப் பாராமல் போனையே பாக்கிறாய் பிள்ளை," என்றாள் ஜெகதீஸ்வரி.

"பாக்கப் போறவர் போனுக்குள்ளாலதானே அம்மா பாக்கப் போறார்."

மாப்பிள்ளை சரியான நேரத்துக்குப் போனில் வந்தான். நீலச் சேட்டு. அவனுக்குப் பின்னால் நிலம் வரை தொங்கும் வெள்ளைத் திரை, மேசை விளக்கு, சட்டம் போட்ட கடல் படம். சிவரூபிக்குத் தன் மஞ்சள் சட்டென்று மட்டமாகத் தெரிந்தது. கதிரையின் ஓரத்தில் ஒட்டி இருந்தாள்.

"உங்கட ஹோல் நல்ல வடிவா இருக்கு," என்றான் செந்தூரன்.

"உங்கட வீட்டை விடவோ?"

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் கை நீட்டினான். போன் அந்தப் போத்தலில்தான் சாய்ந்திருந்திருக்க வேண்டும். அது அப்படியே சரிந்து விழுந்தது.

விழுந்த போன் மறுபக்கத்தைக் காட்டியது. இரண்டடுக்குக் கட்டில்கள் இடைவெளி இல்லாமல் நெருக்கி நின்றன. குறுக்கே கட்டிய கயிற்றில் ஈர உடுப்பு. கீழ்க் கட்டிலில் யாரோ ஒருவர் தலையோடு போர்த்திப் படுத்திருந்தார். வெள்ளைத் திரை ஒரு படுக்கை விரிப்பு. மேல் கட்டிலின் கம்பியில் அதை ஊசி குத்தி விட்டிருந்தார்கள்.

செந்தூரன் போனைப் பாய்ந்து தூக்கினான். முகத்தில் இரத்தமே இல்லை. அவனுடைய விரல் சிவப்புப் பொத்தானை நோக்கிப் போவதை அவள் கண்டாள்.

அந்த விரல் பட்டுவிட்டால் அவன் திரும்ப எடுக்கமாட்டான். வெட்கப்பட்டவனை அவளுக்குத் தெரியும். இந்த ஹோலில் எத்தனை நாள் அவளே அப்படி இருந்திருக்கிறாள்.

"போனை வையாதேங்கோ!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே ஸ்ரூலில் இருந்த போனைக் கையில் எடுத்து, எதிர்ப்பக்கம் திருப்பினாள்.

பூச்சுக் காணாத மூன்று கற்சுவர்கள். கூரை ஓட்டைக்குக் கீழே வைத்த வாளி. அடுக்கிய யூரியா பைகள். மஞ்சள் அடித்தது அந்த ஒரு சுவருக்குத்தான், அதுவும் போனுக்குத் தெரிகிற அளவுக்குத்தான். திரை தொங்கிய அந்தச் சுவரில் யன்னலும் இல்லை. திரைக் கயிற்றின் ஒரு நுனி ஆணியில் இருந்தது. ஆணி ஏறாத மற்ற நுனியை இழுத்துப் பிடித்தபடி, கண்ணில் படாத மூலையில், ஜெகதீஸ்வரி இவ்வளவு நேரமும் மூச்சு விடாமல் நின்றிருந்தாள்.

"இதுதான் எங்கட வீடு," என்றாள் சிவரூபி. "அவா என்ர அம்மா."

ஜெகதீஸ்வரிக்குக் கயிற்றை விடுவதா பிடிப்பதா என்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டே போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

செந்தூரன் விரலைப் பின்னுக்கு எடுத்தான். போனை மெல்லத் தன் அறைப் பக்கம் திருப்பினான்.

"கீழ படுத்திருக்கிறது ஜெயந்தன். இரவு வேலை," என்றான், அவரை எழுப்பிவிடாத குரலில். "மேல் கட்டில் என்ர."