ஒரு ஸ்டாப் முன்னால்

“வல்லத்திராக்கோட்டை அடுத்ததும்மா” என்றார் கண்டக்டர்.

“தெரியும்ண்ணே. இங்கயே எறங்கிக்கிறேன்.”

அவர் விசில் ஊதினார். தைலமரக்காட்டை ஒட்டிய நிறுத்தத்தில் பஸ் நின்றது. பக்கத்தில் வீடு கிடையாது, கடை கிடையாது. அங்கே இறங்குகிறவர்களும் அதிகம் கிடையாது.

மோகனப்ரியா பெரிய பையை முதலில் தள்ளிவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தபோதுதான் மாமா மகன் கவியரசன் அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பியிருந்தான். ஊர் முக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ். அவள் பந்தை நெஞ்சில் வாங்கும் படம், ஆள் உயரத்துக்கு. ‘சென்னை அணிக்குத் தேர்வாகி வரும் எங்கள் தங்கமே, வருக வருக.’ அதற்குக் கீழே ஆத்மநாதன் மாமா சலவை வேட்டியில், கையில் மாலையோடு நிற்கிறார்.

அவள் தேர்வாகவில்லை.

“முடிவு சொல்லிட்டாங்க மாமா, வீட்டுக்கு வாரேன்” என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தாள். மறுமுனையில் மாமா போட்ட சந்தோஷக் கூச்சலில் மீதியைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள்.

பதின்மூன்று வயதில் அந்தச் சென்னைக் கால்பந்து கிளப்பின் அகாடமிக்குப் போனவள். பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு பையன்களையும் சேர்த்துச் சுற்றவிட்டவளுக்கு, தனக்குப் பந்தை நிறுத்தவே தெரியாது என்பது அங்கே போன முதல் வாரத்தில் தெரிந்தது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள். பந்தை எந்தக் காலில் வாங்குவது, வாங்குவதற்கு முன்பே எங்கே பார்த்துவைப்பது, தோற்ற மேட்சைத் திரையில் போட்டு, தன் தப்பைத் தானே எப்படிக் கண்டுபிடிப்பது. எவ்வளவு சோறு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்பதெல்லாம்கூட அவர்கள் வைத்ததுதான். ஊரில் வாயாடி என்று பேர் வாங்கிய பெண், நடுக்களத்தில் நின்று குரலாலேயே ஆட்களை நகர்த்துகிறவள் ஆனாள்.

ஒவ்வொரு மே மாதமும் ஹாஸ்டலில் சில கட்டில்கள் காலியாகும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

போன வருஷம் ஷர்லி போனாள். சேர்ந்த நாளிலிருந்து பக்கத்துக் கட்டில். அவளைக் கட்டிப்பிடித்து அழுது ஆட்டோ ஏற்றிவிட்டு வந்த மோகனப்ரியா, அன்று சாயங்காலமே ஜன்னலோரமிருந்த ஷர்லியின் கட்டிலுக்குத் தன் தலையணையை மாற்றிக்கொண்டாள். காற்று நன்றாக வந்தது. நன்றாகத் தூங்கவும் தூங்கினாள்.

இந்த மே மாதம் கோச் மேடம் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினெட்டு முடிந்தால் ஒன்று பெரிய அணி, இல்லாவிட்டால் வீடு.

“உன் மேல ஒரு குறையும் இல்லடா. உன் இடத்துல மெயின் டீம்ல ரெண்டு பேர் இருக்காங்க. அவ்ளோதான்.”

ஏதாவது குறை இருந்திருக்கலாம். குறை இருந்தால் உழைத்துச் சரிசெய்துவிடலாம். இத்தனை வருஷமாக அவள் செய்தது அதைத்தானே.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் ஊர்ப்பக்கமிருந்து சரவெடிச் சத்தம் கேட்டது. பஸ் தலை தெரிந்ததுமே பற்றவைத்திருப்பார்கள். படபடவென்று வெடித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக ஒன்று தனியாக வெடித்தது. பிறகு சத்தமே இல்லை.

போன் அடித்தது. மாமா. அவள் எடுக்கவில்லை. நின்று மறுபடியும் அடித்தது.

அப்போதுதான் சாலைக்கு எதிர்ப்பக்கம், மரநிழலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொள்வதைப் பார்த்தாள்.

அம்மா.

விழாவுக்கு உடுத்தின சேலை இல்லை. வீட்டில் கட்டும் பழைய சேலை. நடந்து வந்த பாதமெல்லாம் செம்மண்.

அம்மா சாலையைக் கடந்து வந்து பையின் ஒரு காதைப் பிடித்தாள். சென்னையிலிருந்து இத்தனை தூரம் வராத அழுகை மோகனப்ரியாவுக்கு அப்போது வந்தது. அம்மாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதாள். அம்மா முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ இப்ப அங்கிட்டு வர வேணாம்.”

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மோகனப்ரியா முகத்தைத் துடைத்தாள்.

“நான் இங்க எறங்குவேன்னு ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

அம்மா அவளைப் பார்க்காமல் காட்டுப்பக்கம் பார்த்தாள்.

“‘வீட்டுக்கு வாரேன்’னு நீ சொன்னதா மாமா சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு. ஒங்கப்பா வீட்டுல வேணாம்னு அனுப்பிவிட்டப்ப நானும் இங்கதான் எறங்குனேன். நீ வயித்துல இருந்த.”

அப்பா செத்த பிறகுதான் அம்மா பிறந்த ஊருக்கு வந்தாள் என்று மாமா சொல்லித்தான் மோகனப்ரியா கேட்டிருக்கிறாள்.

“இருட்டுற வரைக்கும் அந்த மரத்தடியிலயே உக்காந்திருந்தேன்” என்றாள் அம்மா. “ஒருத்தரும் வரல.”