வாடை வராத கருவாடு

கருவாட்டை வாடை வெளியே வராத பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று சேரனுக்கு யோசனை வந்து இரண்டு வருடமாகிறது. உறை மாற்றி, மிஷின் மாற்றி, அலுத்துச் சலித்து ஒருவழியாகச் சரக்கு தயார். இன்று புதுக்கோட்டை சூப்பர் மார்க்கெட் முதலாளியைப் பார்க்க வேண்டும்.

"என் வெள்ளைச் சட்டை எங்க ஷர்லி?" என்று மனைவியிடம் கேட்டான்.

"கருவாடு காயிற களத்துல, கொடியில கெடக்குங்க."

சேரன் அதை மாட்டிக்கொண்டு கட்டுமாவடியில் பஸ் ஏறினான். பாக்கெட்டுகள் அடுக்கிய பெட்டி மடியில் இருந்தது. கொஞ்ச தூரத்திலேயே பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். கண்டக்டர் வந்தார்.

"கருவாடாண்ணே? பின்னாடி கொண்டு போயிருங்க. எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க."

சேரன் பெட்டியோடு பின் சீட்டுக்குப் போனான். பாக்கெட்டை முகர்ந்து பார்த்து வாடையே இல்லை என்றவர்கள் எல்லாருமே கட்டுமாவடிக்காரர்கள்தான். கருவாட்டிலேயே புழங்குகிற மூக்குக்கு என்ன தெரியும்?

புதுக்கோட்டையில் இறங்கி முதலாளிக்குப் போன் போட்டான். "சரிப்பட்டு வராதுங்க சார். விட்ருங்க."

இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க அவனுக்குத் தெம்பில்லை. பெட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஊர் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடினான்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். "தம்பி, கருவாட்டை இங்கிட்டா வச்சிருக்கீங்க?"

சேரன் தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்தான்.

அந்தக் கட்டுமாவடி மூக்குக்கு ஒரு வாடையும் தெரியவில்லை.