யூரிமின் செல்கள்

காலை பத்து மணிக்கு, செல்கள் யாருடையவை என்று சொல்லும் சோதனைச் சான்றிதழ் வந்தது. பதினொன்றரைக்கு யூரிமின் அப்பா வந்தார்.

நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் நாரே அந்தச் சான்றிதழை ஏழெட்டு முறை படித்துவிட்டாள். எத்தனை முறை படித்தாலும் அது ஒன்றையேதான் சொன்னது. ஐந்து வருடமாக அவள் வளர்த்து, நிறமேற்றி, படமெடுத்து, நாற்பது பக்கக் கட்டுரையாக எழுதி வைத்திருக்கும் செல்கள் யூரிமுடையவை அல்ல.

யூரிம் இருபத்தாறு வயதில் புற்றுநோயில் போனவள். போவதற்கு முன் தானே கையெழுத்துப் போட்டு, தன் கட்டியில் ஒரு துண்டை இந்த ஆய்வகத்துக்குக் கொடுத்தாள்.

குப்பிகளில் இப்போது இருப்பது வேறு யாரோ. எழுபது வருடத்துக்கு முன் வேறொரு நாட்டில் இறந்துபோன ஒரு பெண்ணின் செல்கள். உலகத்தில் பாதி ஆய்வகங்களில் அவை இருக்கின்றன, இங்கேயும் ஒரு மூலையில் இருந்தன.

ஒரு நேரத்தில் ஒரு குப்பியைத்தான் திறக்க வேண்டும். யாரோ இரண்டைத் திறந்திருக்கிறார்கள். ஒரு சொட்டு போதும், வேகமாக வளர்வது மெதுவாக வளர்வதை மிச்சம் வைக்காது.

உறைய வைத்த முதல் குப்பியையும் சோதனைக்கு அனுப்பியிருந்தாள். அதிலும் அதே பெண்தான். ஆக, யூரிம் முதல் மாதத்திலேயே போய்விட்டாள். அந்த மாதம் அந்த மேசையில் வேலை செய்தவர்கள் மூன்று பேர். நாரே அதில் ஒருத்தி.

இந்தச் சோதனையை ஆரம்பத்திலேயே செய்து தொலைத்திருக்க வேண்டும். கட்டுரையை வெளியிடும் ஆய்வுப் பத்திரிகை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று, எல்லோரையும் போல அவளும் விட்டுவிட்டாள். பத்திரிகை கேட்டது. அந்தச் சான்றிதழைச் சேர்க்காமல் கட்டுரை போகாது.

ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் மா தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இங்க பாரு நாரே, போன வருஷம் வேற செல்லுக்கு வாங்கின சான்றிதழ் கெடக்குல்ல? அதுல பேர மட்டும் மாத்தி அனுப்பிடு. யாரு தோண்டிப் பாக்கப்போறா? டிசம்பரோட உன் வேலையும் முடியுது, அதையும் நெனச்சுக்க."

பெயர் மாற்ற அவளுக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அப்போதுதான் வாசலில் செருப்பு மாற்றும் சத்தம் கேட்டது.

யூரிமின் அப்பா பியோங்தே கல்யாணத்துக்குப் போட்டுப்போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் அறுவடை முடிந்ததும் ஒரு பெட்டி ஆப்பிளோடு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு தேகு நகரத்துக்கு வந்துவிடுவார். கட்டுரை போகிற அன்றைக்கு அனுப்பும் பொத்தானை நீங்களே அழுத்துங்கள் என்று போன வருடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நாரேதான்.

"எங்க பொண்ணு எப்படி இருக்கா, டாக்டரம்மா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர், வழக்கம்போல, நுண்நோக்கியிடம் போய்க் குனிந்துவிட்டார்.

வெகுநேரம் பார்த்தார்.

"போன வருஷத்துக்கு இப்ப எவ்வளவு நெருக்கமா வளந்துருக்கா பாருங்க. ஆஸ்பத்திரில ஒரு வாய் கஞ்சி எறங்கல அவளுக்கு. இங்க நல்லா சாப்பிடுறா."

இந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது. இவருடைய மகளை இரண்டாவது முறையும் சாகக் கொடுத்துவிட்டோம், அது நடந்து ஐந்து வருடமாகிறது, அது எங்களுக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றா?

அவர் நிமிர்ந்து கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார், ஒவ்வொரு விரலாக.

"சரி, காட்டுங்க."

கணினித் திரை முழுக்க ஆங்கிலம். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. கீழே வலது ஓரத்தில் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெயர் மாற்றிய சான்றிதழை அவள் சேர்த்து வைத்திருந்தாள். எல்லாக் கட்டங்களிலும் பச்சைக் குறி விழுந்திருந்தது.

நாரே அம்புக்குறியை நகர்த்தி ஒரு பொத்தானின் மேல் நிறுத்தினாள். எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

"இதானே?"

"இதுதான்ப்பா."

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். திரையில் சின்னதாக ஒரு கட்டம் எழுந்து நின்றது.

"என்னவோ கேக்குதே?"

"நிச்சயமாத்தானான்னு கேக்குது."

"கேக்கட்டும், கேக்கட்டும். பெரிய காரியம்ல. எங்க ஊர் பேங்க்லயே பத்து தடவ கேப்பான்," என்று சிரித்துக்கொண்டே இன்னொரு முறை அழுத்தினார்.

கட்டம் மறைந்தது. திரை வெளுத்து, நடுவில் ஒரு வரி மட்டும் வந்தது.

பியோங்தே நாற்காலியை விட்டு எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மனிதர்களுக்குக் குனிவதுபோல அந்தத் திரைக்கு முன் இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு, டாக்டரம்மா?"

"கட்டுரை வந்து சேந்துடுச்சு, நன்றின்னு எழுதியிருக்குப்பா," என்றாள் நாரே.

கட்டுரை அழிக்கப்பட்டது, இனி மீட்க முடியாது என்று எழுதியிருந்தது.