பூனைக்கு வீசிய மடவை

கடலூர் மீன்கடைத் தெருவில் காத்தவராயனின் தண்டோரா அதிர்கிறது. "ஆத்துல ஆலைத் தண்ணி கலந்துடுச்சி! உப்பனாத்து மீன யாரும் திங்கக் கூடாது!" மீன் விற்கும் செல்லாயி கூடைக்குப் பின்னாலிருந்து சிரிக்கிறாள். "ஏன் மாமா, நேத்து எங்கிட்ட வாங்கித் தின்னியே, செத்தாப் போயிட்ட?" சுற்றி நிற்பவர்களும் சிரிக்கிறார்கள், ஆனால் யாரும் விலை கேட்கவில்லை. அவள் ஒரு மடவை மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுகிறாள். பிறகு அதையே தெருப்பூனைக்கு வீசுகிறாள். வெயிலில் அதன் செதில்மேல் நீலமும் பச்சையுமாய் ஏதோ ஒரு நிறம் ஓடுகிறது. தண்டோராக் குச்சி அந்தரத்தில் நிற்கிறது. பூனை ஒருமுறை சுற்றி வந்து, மீசை நடுங்க முகர்ந்துவிட்டு, உட்கார்ந்து முன்னங்காலை நக்குகிறது. "வயிறு ரொம்பியிருக்கும், பொறுங்க" என்கிறார் மீன் வாங்கப் பையோடு வந்து நிற்கும் அபுல் ஹசன். எல்லாரும் குனிந்து பூனையையே பார்க்கிறார்கள். செல்லாயி மட்டும் அதைப் பார்க்காமல், ஈரச்சாக்கை மெல்ல இழுத்துக் கூடையை மூடுகிறாள்.