மூன்றாவது பிணம்

"கட்! கட்! அந்த மூணாவது பிணத்துக்கு அறிவே கிடையாதா?"

டைரக்டர் மைக்கை வீசி எறியாத குறைதான்.

காட்சி இதுதான். ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ராணுவத்தின் அதிகாரி, சுடப்பட்டுக் கிடக்கும் ஜனங்களைப் பார்த்து மனம் உடைந்து அழுகிறார். அதிகாரி, ஹீரோ. பிணங்கள், உள்ளூர்க்காரர்கள். பிணத்துக்கு என்ன பெரிய வேலை? சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுகூட அந்த அம்மாவுக்கு வரவில்லை. ஹீரோவின் கண்ணில் நீர் திரளும் நேரமாகப் பார்த்து அவள் கை மெல்ல நகரும். பக்கத்தில் கிடக்கும் ரப்பர் குழந்தையின் முகத்தின் மேல் போர்வையை இழுத்துவிடும். ஒவ்வொரு டேக்கும் பாழ்.

உதவி டைரக்டர் ஓடினார். "ஏம்மா, நீங்க படத்துல மங்கலாத்தான் தெரிவீங்க. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"என்னையும் அறியாம வந்துடுது தம்பி." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அவரு ஏன் அழுறாரு?"

"அவருதானேம்மா ஹீரோ!"

திரும்பும்போதுதான் உதவி டைரக்டருக்கு உறைத்தது. கட் சொல்லியும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. வேறு ஊராக இருந்தால் இந்நேரம் 'டீ எங்கே' என்று பிணங்கள் சண்டைக்கு வந்திருக்கும். இங்கே முகத்தில் ஈ உட்கார்ந்தும் யாருக்கும் இமைகூட அசையவில்லை. எப்படிக் கிடப்பது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த டேக். ஹீரோ விம்மினார்.

கை நகர்ந்தது.

இந்தமுறை டைரக்டரே இறங்கி வந்தார். 'என் படத்தில் ஒரு ஃபிரேம்கூடப் பொய் இருக்காது' என்று பேட்டிக்குப் பேட்டி சொல்கிறவர்.

"அம்மா, கொஞ்சமாவது யோசிங்க. நீங்க செத்துப் போயிட்டீங்க."

"இல்ல தம்பி. செத்த மாதிரி கிடக்கேன்."

"சரி, அப்படியே இருக்கட்டும். எதிர்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான். கை அசைஞ்சா பார்க்க மாட்டானா? பார்த்தா சுட மாட்டானா? நம்புற மாதிரி இருக்க வேணாமா?"

அவள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"பார்த்தான், சுட்டான். அதுக்குள்ள அக்கா போர்வையை இழுத்து என்னை மூடிட்டா தம்பி."